வேகம் திருடிய விரல்

"ரூட்டர் பாஸ்வேர்டைக் குடுங்க, அத்தான்."

கேட்டே விட்டேன்.

வாஷ் பேசின் ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் சட்டென்று கையை எடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற அத்தானின் தங்கை ரேடியோ மூச்சை உள்ளே இழுத்தது நன்றாகவே கேட்டது. அக்கா வீட்டுக்கு நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே அக்கா காதோடு சொல்லியிருந்தாள்: "இங்க நீ என்ன வேணா கேளு, பாப்பா. அதை மட்டும் அவர்கிட்ட கேட்டுடாதே. கேட்டா அவரை நம்பலைன்னு ஆயிடும்."

வைஃபையில் சேருவதற்கான பாஸ்வேர்டு கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. வருகிற கொத்தனாருக்கெல்லாம் தெரியும். நான் கேட்டது வேறு. அந்த ரூட்டர் பெட்டிக்குள் நுழைந்து, யாருக்கு எவ்வளவு நெட் என்று மாற்றுகிற பாஸ்வேர்டு. அத்தானின் நாற்காலிக்கு நேர் மேலே, சுவர்ப் பலகையில் அந்தப் பெட்டி பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கு?" என்றார் அத்தான்.

"என் லேப்டாப்புக்கு மட்டும் நெட் ஊருது. உள்ள போய்ப் பார்க்கணும்."

"பெட்டியில ஒண்ணுமில்ல. கோளாறு உன் லேப்டாப்புல. எல்லாரும் போடறதைப் போடாம ஓசியில கிடைக்கற லினக்ஸைப் போட்டா, ஓசி மாதிரிதான் ஓடும்."

"அப்ப நீங்களே திறந்து காட்டுங்க. பாஸ்வேர்டை நீங்களே அடிங்க. நான் திரும்பி நின்னுக்கறேன்."

அத்தானின் காது மடல் சிவந்தது. எழுந்தார். எட்டிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். மறுபடி செருகினார்.

"இப்பப் போய்ப் பாரு, பறக்கும். இந்தக் கடையில எந்தக் குழாயை எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்னு எனக்குத் தெரியும். மேல போ." பிறகு கொத்தனாரிடம், "எங்க குடும்பத்துல முதல் பட்டதாரி. எதுலயும் சந்தேகம்," என்றார்.

கொத்தனார் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

மேலே போ. இந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். கீழே சானிட்டரி கடை, மேலே வீடு. மேலே போக, கீழே வர ஒரே படிக்கட்டு. அது கடைக்குள்தான் இறங்குகிறது. வரிசையாக வாய் திறந்து உட்கார்ந்திருக்கும் கம்மோடுகளுக்கு நடுவே நடந்து, அத்தானின் நாற்காலியைத் தாண்டினால்தான் தெரு. அவர் எந்தக் கதவையும் பூட்டியதில்லை. பூட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எங்க, எதுக்கு, யாரோட, எப்ப வருவே? இந்தக் கேள்விகளைத் தாண்டி வெளியே போவதற்குள் போகிற ஆசையே போய்விடும்.

பெற்றோர் வீட்டில் நெட் கிடையாது என்பதால்தான் வேலை தேட இங்கே வந்தேன். இரண்டு கம்பெனிகள் வீடியோவில் இன்டர்வியூ வைத்தன. இரண்டு தடவையும் பாதியில் நெட் படுத்துவிட்டது. வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோன என் முகத்தைப் பார்த்துவிட்டு, வருந்துகிறோம் என்று எழுதிவிட்டார்கள். இன்று மத்தியானம் மூன்று மணிக்கு மூன்றாவது கம்பெனி, கடைசிச் சுற்று. பழுதான ஒரு சர்வரை அவர்கள் கண்முன்னே நான் சரிசெய்து காட்ட வேண்டும். கிடைத்தால் தூரத்து நகரம், ஹாஸ்டல் அறை, என் பெயர் போட்ட அடையாள அட்டை. கிடைக்காவிட்டால் கடையில் அத்தானுக்குப் பக்கத்தில் பில் போடுகிற நாற்காலி. அதற்கு ஏற்கெனவே புதுக் குஷன் வாங்கிப் போட்டாகிவிட்டது.

அந்தக் குஷனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும்.

மேலே வந்ததும் ரேடியோ வெடித்தாள். ரேடியோ என்பது பட்டப்பெயர். அழகுக்கலை படிக்கிறாள். தூக்கத்தில் மட்டும்தான் வாய் மூடுவாள் என்பதால் அந்தப் பெயர்.

"பட்டு, உனக்கு நெஞ்சுல என்ன, கம்மோடு பீங்கானா? எங்கண்ணன் காது செவந்ததைப் பார்த்தியா? நான் பத்துத் தடவை ரூஜ் தடவினாலும் அந்தக் கலர் வராது."

பட்டதாரி என்பதை அவள் சுருக்கி வைத்திருக்கும் பெயர் பட்டு.

"கதவைச் சாத்து. விசாரணையை ஆரம்பிக்கலாம்."

"ஐயோ, இன்ஸ்பெக்டர் வந்தாச்சு. குற்றவாளி யாரு?"

"ஊரே கை காட்டறது இந்த லேப்டாப்பை. முதல்ல இதை விசாரிப்போம்."

கறுப்புத் திரையைத் திறந்தேன். லினக்ஸில் எனக்குப் பிடித்தது இதுதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும், மேலே போ என்று சொல்லாது. பாட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபை அட்டை இடையிடையே கண்ணயரும் பழக்கம் ஒன்று உண்டு. அதை அணைத்தேன். அசைவில்லை. பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இணைப்பு எப்படி என்று கேட்டேன். சிக்னல் முழுசு, இணைப்பு வேகமும் பிரமாதம் என்றது. ஸ்பீட் டெஸ்ட் போட்டேன். முள் கொஞ்சம் எழுந்து, ஒன்று என்ற எண்ணிலேயே நின்றது.

"அதாவது ரோடு புது ரோடு," என்றாள் ரேடியோ. "வண்டி மட்டும் போகல."

"உன் ஃபோன்ல ஒரு வீடியோ போடு."

போட்டாள். யாரோ ஒருத்தி கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் இமை முடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"அப்ப வெளியிலேர்ந்து வர்ற லைன்லயும் தப்பில்ல."

"பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வந்து முட்டுதோ? எங்க கிளாஸ்ல பத்து ஹேர் டிரையர் ஒண்ணா ஓடினா வர்ற மாதிரி?"

"முட்டினா வேகம் ஏறும், இறங்கும். இதைப் பாரு." நேற்றிலிருந்து நான் ஓடவிட்டிருந்த வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன். காலையிலும் ஒன்று. மாலையிலும் ஒன்று. ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரே நேர்க்கோடு.

ரேடியோ உற்றுப் பார்த்தாள். "இவ்வளவு நேரா ஐபுரோ வரைய எங்க மேடத்துக்கே வராது."

"அதான் விஷயம். காய்ச்சல்னா ஏறி இறங்கும். இது காய்ச்சல் இல்லடி. யாரோ கயிறு போட்டுக் கட்டியிருக்காங்க. இவ்வளவு தூரம்தான் போகலாம்னு."

அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அறையின் ஒரே ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தது. ஃபோன் சிக்னல்கூட இந்த அறைக்குள் வர யோசிக்கும். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால்தான் ஹலோவே கேட்கும்.

"கயிறுன்னு எப்படி நிரூபிப்பே?"

"வைஃபையில சேர்ற ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் உண்டு. அதுதான் அதோட முகம். பெட்டி அதை வச்சுத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கும். லினக்ஸ்ல அந்த முகத்தை மாத்திக்கலாம்."

"மேக்கப்!" ரேடியோ கையைத் தட்டினாள். "அப்பாடா, எனக்குத் தெரிஞ்ச சப்ஜெக்டுக்கு வந்துட்டே."

ஒரு கட்டளை அடித்து என்டரைத் தட்டினேன். இணைப்பு அறுந்தது. புது முகத்தோடு மறுபடி சேர்ந்தது. சமையலறையில் அக்காவின் ஃபோன் 'டிங்' என்றது. ஸ்பீட் டெஸ்டின் முள் ஒரே பாய்ச்சலாய்ப் போய் மறுகோடியில் முட்டியது.

ரேடியோ என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை.

"லேப்டாப் அதே. ரூம் அதே. லைன் அதே. முகம் மட்டும் வேற. அப்ப என் பழைய முகத்தைப் பெட்டிக்கு யாரோ காட்டிக் குடுத்திருக்காங்க. இவளுக்கு இவ்வளவு போதும்னு."

ரேடியோ குதிப்பதை நிறுத்தினாள். பெட்டியின் பாஸ்வேர்டு யாரிடம் என்பது அவளுக்கும் தெரியும்.

"எங்கண்ணன் சத்தம் போடுவான், பட்டு. ஆனா இதுக்கெல்லாம் மூளை..."

"அண்ணனைத் திட்டறியா, காப்பாத்தறியா?"

"ரெண்டும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் முள் இறங்கியது. ஒன்றில் வந்து நின்றது.

இன்னொரு முகம் மாற்றினேன். சமையலறையில் 'டிங்'. முள் பறந்தது. கொஞ்ச நேரம்தான். மறுபடி ஒன்று.

இது என்றோ யாரோ போட்டுவிட்டு மறந்த கயிறு இல்லை. இந்த நிமிடம், இந்த வீட்டில், ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் எந்த முகத்தோடு போனாலும் வாசலில் நின்று பிடித்துக் கட்டிப் போடுகிறார்.

"கீழ ஓடு. உங்கண்ணன் கையில ஃபோன் இருக்கா பார்த்துட்டு வா."

போன வேகத்தில் வந்தாள். வரும்போதே சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள்.

"ஃபோன் கல்லா மேல சார்ஜ்ல கிடக்கு. அண்ணனும் கொத்தனாரும் ஆளுக்கு ஒரு பக்கம் கம்மோடைத் தூக்கி வண்டியில ஏத்தறாங்க. ரெண்டு கையும் அதுலதான். நாம மேல வந்ததுலேர்ந்து இதே வேலைதானாம். அவன் உன் கயித்தை இழுக்கணும்னா கால் கட்டைவிரலாலதான் இழுக்கணும்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தான் இல்லை. அப்படியானால் காலையில் நடந்ததை மறுபடி பார்க்க வேண்டும். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள் என்றேன். பாஸ்வேர்டு தெரிந்த மனுஷன் என்ன செய்வான்? முடியாது என்பான், இல்லை, அடித்துக் காட்டி என் மூக்கை உடைப்பான். இவர் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். அந்தப் பெட்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

"ரேடியோ, உங்கண்ணனுக்குக் கோபம் வந்தது குடுக்க மனசில்லாம இல்ல. அவர்கிட்ட இல்லாததை நாலு பேர் முன்னாடி கேட்டுட்டேன். அவருக்கு அந்தப் பாஸ்வேர்டு தெரியவே தெரியாது."

"பின்ன யாருக்குத் தெரியும்? எனக்கா? நான் என் லாக்கர் நம்பரையே மறந்துட்டுப் பூட்டை உடைச்சவ."

"யோசி. நான் முகத்தை மாத்தினப்பல்லாம் வேற ஏதாவது நடந்துதா?"

"ஒண்ணும் நடக்கல. நீ என்டர் அடிச்சே, முள்ளு பறந்துச்சு, அண்ணி ஃபோன் அடிச்சுது. என்ன இன்னிக்கு அண்ணி இவ்வளவு பிஸி? அவங்களுக்கு மெசேஜ் அனுப்ப ஆளே கிடையா..."

ரேடியோ அவ்வளவில் நின்றாள். யாரும் குறுக்கிடாமல் அவளாகவே ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

புதிதாக யாராவது வைஃபையில் சேர்ந்தால், அதைக் கட்டி ஆளுகிற ஃபோனுக்குத் தகவல் போகும். ஊரில் எந்த ரூட்டருக்கும் இருக்கிற சாதாரணப் பழக்கம்தான். நான்தான் அதைச் சமையலறைச் சத்தம் என்று காதோடு விட்டுவிட்டேன்.

"நான் இருமினா என்டரைத் தட்டு," என்றேன்.

"பட்டு, வேணாம்டி."

"தட்டு."

சமையலறை வாசலில் போய் நின்றேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஃபோன் மேடை மேல், அவள் கைக்கெட்டும் தூரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

இருமினேன்.

'டிங்'.

அக்கா கத்தியை வைத்தாள். விரல்களைத் துணியில் துடைத்தாள். ஃபோனை எடுத்தாள். கட்டைவிரல் திரையில் ஏதோ ஒன்றைத் தொட்டு, மெதுவாக இடதுபக்கம் இழுத்தது. பாத்திரத்தை மூடுகிறவளின் கவனம் அந்த விரலில் இருந்தது.

அறையிலிருந்து ரேடியோவின் குரல் வந்தது. "விழுந்துடுச்சு."

அக்கா திரும்பினாள். ஃபோனை மறைக்க முயலவில்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"கத்தாத பாப்பா. கீழ கேக்கும்."

"எப்படி உன்கிட்ட வந்துச்சு அது?"

"வைஃபை மாட்ட ஆள் வந்தப்ப அவர் குடோனுக்குப் போயிருந்தாரு. வீட்டுல யாரு பார்த்துப்பீங்க, ஃபோனைக் குடுங்கன்னு அந்தப் பையன் கேட்டான். குடுத்தேன். எப்படி மாத்தணும்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனான். சாயங்காலம் இவர் வந்து, எல்லாம் என் கண்ட்ரோல்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு. நான் இல்லைன்னு சொல்லல." துணியால் மேடையைத் துடைத்தாள். "இந்த வீட்டுல நான் சொன்னதைக் கேக்கறது அது ஒண்ணுதான்."

"அதான் அவர்கிட்ட கேக்காதேன்னு சொன்னியா?"

தலையை ஆட்டினாள்.

"அந்த ரெண்டு இன்டர்வியூவும்?"

"போன தடவை உன் முகம் அப்படியே நின்னுச்சே, நான் கதவுக்கு வெளியதான் இருந்தேன். அழுதேன்டி."

"அழுதுக்கிட்டே அமுக்கினியா?"

"ஆமா."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இந்த லேப்டாப்பை எனக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். பழையதை விற்க வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் அத்தானைக் கெஞ்ச வைத்து வாங்கித் தந்தாள்.

"ஏன்க்கா?"

"நீ வந்தப்புறம்தான் இந்த வீட்டுல என்னை ஒருத்தர் சாப்பிட்டியான்னு கேட்டாங்க." வெங்காயத்தாலா வேறெதனாலா தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. "நீ தூரமா போயிட்டா? கடையில உக்காந்தா தினமும் மேல வருவே. அவ்வளவுதான் நினைச்சேன். உன்னைக் கெடுக்கணும்னு இல்ல."

"கெடுத்துட்டே."

வாசலில் ரேடியோ வந்து நின்றிருந்தாள்.

அக்கா அவசரமாக ஃபோனை எடுத்தாள். "இரு, இப்பவே எடுத்து விட்டுடறேன். மூணு மணிக்கு நிம்மதியா பேசு. நான் தொட மாட்டேன். சத்தியமா." விரல் வலதுபக்கம் நகர்ந்தது. "இந்தா, முழுசா விட்டுட்டேன். ஆனா ஒண்ணு கேளேன் அவங்ககிட்ட. இங்கேர்ந்தே செய்யற வேலையா குடுப்பாங்களான்னு."

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். விரல் இன்னும் திரையின் மேலேயே இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்கே தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது.

அறைக்குப் போனேன். லேப்டாப்பை மூடினேன். பையில் அதை வைத்தேன், சார்ஜரை வைத்தேன், சான்றிதழ் ஃபைலை வைத்தேன். இரண்டு செட் துணியைச் சுருட்டித் திணித்தேன்.

துணியைப் பார்த்ததும் ரேடியோவுக்குப் புரிந்துவிட்டது.

"உன் கிளாஸ்ல வைஃபை இருக்குல்ல?" என்றேன்.

"இருக்கு. ஒரு மூலையில உன்னை உக்கார வச்சு, அத்தனை டிரையரையும் நான் அணைச்சு வைக்கறேன். மேடம் கேட்டா மணப்பெண் மேக்கப் டிரையல்னு சொல்லிடலாம்." குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கப்புறம்?"

"என் காலேஜ் ஃப்ரெண்டு ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியா இருக்கு."

"வேலை கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னாலும்."

அவள் தன் துப்பட்டாவை எடுத்து மாட்டிக்கொண்டாள். "முன்னாடி நான் போறேன். அண்ணன் கேள்வி கேட்டா வாயைக் குடுத்துக்கிட்டே நிப்பேன். இன்னிக்காவது இந்த வாய் யாருக்காவது உதவட்டும்."

படிக்கட்டின் மேல்முனையில் அக்கா நின்றிருந்தாள். பையைப் பார்த்தாள். அதன் கனத்தையும் பார்த்தாள். போகாதே என்று சொல்லவில்லை. "அவர்கிட்ட சொல்லிடுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இப்போது எழுதும்போதும் ஆறவில்லை. ஆனாலும் வாய் வேறொன்றைக் கேட்டது.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"போய்ச் சாப்பிடு."

இறங்கினேன். கம்மோடுகளின் வரிசை. புதுக் குஷன். அத்தான் நாற்காலியில் சாய்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொத்தனார் இன்னும் அங்கேயே இருந்தார்.

"எங்க?"

"இன்டர்வியூ."

"மேலயே பேசறதுதானே? அதான் சரிபண்ணி விட்டேனே."

"அண்ணா, எங்க கிளாஸ்லதான்," என்று ரேடியோ ஆரம்பித்தாள். "அங்க லைட்டிங் நல்லா இருக்கும், முகம் பளிச்சுனு தெரியும், அதுவும் இல்லாம..."

"நீ சும்மா இரு." என்னைப் பார்த்தார். கொத்தனாருக்கும் கேட்கிற குரலில், "காலையில பாஸ்வேர்டு கேட்டியே. யோசிச்சேன். போய்த் தொலையட்டும், சாயங்காலம் நானே போட்டுத் தரேன்," என்றார்.

ஒரே ஒரு வரி போதும். அந்த மனுஷனை அவர் கடையிலேயே, அவர் கொத்தனார் முன்னாலேயே உடைத்துப் போட என்னிடம் ஒரு வரி இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. மேலே, படிக்கட்டின் திருப்பத்தில், ஒரு வளையல் கைப்பிடிக் கம்பியில் மெதுவாக உரசியது.

"வேணாம் அத்தான். அது பத்திரமான கையிலதான் இருக்கு. அங்கேயே இருக்கட்டும்."

அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொத்தனாரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்திலேயே கடைசிக் கேள்வியையும் கேட்டார்.

"எப்ப வருவே?"

நான் அவர் நாற்காலியைத் தாண்டியிருந்தேன். தெரு வெயில் காலில் பட்டது. ரேடியோ எனக்காக ஆட்டோவை நிறுத்தி, டிரைவரோடு ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. புதிதாக யாராவது உள்ளே வந்தால்தான் அந்தப் பெட்டி அக்காவுக்குச் சத்தம் கொடுக்கும். வெளியே போகிறவர்களுக்கு அதில் சத்தம் எதுவும் இல்லை.